தன்னைத்தானே வகுத்துக்கொண்ட பகா எண்: ரோஸ் ஹில் வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மொரிஷியஸின் ரோஸ் ஹில் நகரில், கோவிலை ஒட்டிய கூடத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு நடத்துகிறேன். வார நாட்களில் எபேனில் மென்பொருள் வேலை. சனிக்கிழமை காலையில் ஒன்பது மாணவர்கள் வருவார்கள். பதினான்கு முதல் பதினேழு வயது வரை. வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகள். இங்கே மட்டும் கணக்கையும் ஜாவா நிரலையும் தமிழில் படிக்கிறோம்.

அந்த வகுப்பில் போன ஆண்டு ஒரு நிரல் தவறான விடை தந்தது. தவறு ஒரே ஓர் எண்ணில்தான். ஜாவாவின் சாதாரண முழு எண் வகையான 'இன்ட்' ஏற்கும், 2 முதலான இருநூறு கோடிக்கும் மேற்பட்ட எண்களில், வேறு எந்த எண்ணுக்கும் அந்த நிரல் பொய் சொல்லாது. இதை அனுமானமாகச் சொல்லவில்லை, நிறுவிக் காட்டுகிறேன்.

நடந்தது

ஜூலை மாதம். கோர் த கார்த் மலையை மேகம் மூடியிருந்த குளிர்ந்த காலை. முந்தைய வாரம் பகா எண்ணைக் கண்டறியும் நிரலை எழுதச் சொல்லியிருந்தேன். வழி எளிது. எண்ணை 2, 3, 4 என்று வரிசையாக வகுத்துப் பார்க்க வேண்டும். மீதி 0 வந்தால் அது பகு எண். வகுக்கும் எண்ணின் வர்க்கம் நம் எண்ணைத் தாண்டிவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். அதுவரை வகுபடாதது பகா எண். 'வகுக்கும் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அது நம் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கும்வரை சுற்று' என்ற நிபந்தனையைப் பலகையில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். பிழை அந்த வரியில் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருடைய நிரலும் ஓடியது. 97 சரி. 91 என்றதும் 7 வகுக்கும் என்று சொன்னது. 1000000007 கொடுத்தோம், கண்ணிமைக்கும் நேரத்தில் பகா எண் என்றது. நூறு கோடிக்குக் கீழ் உள்ள மிகப் பெரிய பகா எண்ணான 999999937-உம் தேறியது. "சரி, உங்கள் நிரல் ஏற்றுக்கொள்ளும் மிகப் பெரிய பகா எண்ணைக் கண்டுபிடியுங்கள்" என்றேன்.

பதினாறு வயது மாணவி ஒருத்தி நேராக உச்சிக்குப் போனாள். 'இன்ட்' வகையில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647 என்று அவளுக்குத் தெரியும். அதைத் தட்டினாள். திரை அப்படியே நின்றது. பத்து விநாடிக்கு மேல் ஆயிற்று. பிறகு வந்த விடை: பகா எண் அல்ல.

"சார், இது பகு எண்" என்றாள்.

நான் மறுத்தேன். 2147483647 என்பது 2³¹ − 1. அதைப் பகா எண் என்று கணித மேதை ஆய்லர் 1772-இல் நிறுவிவிட்டார். "அப்படியென்றால் நிரல்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

முதல் ஊகங்கள்

எண்ணைத் தவறாகத் தட்டியிருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இலக்கங்களைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அவளுக்குப் பிரெஞ்சு முறைப்படி மூன்று மூன்று இலக்கமாகத்தான் வாசிக்க வந்தது. தமிழில் சொல் என்றபோது வகுப்பே சேர்ந்து திணறி, இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூன்றாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு என்று முடித்தது. எங்கள் ரூபாய் நோட்டுகளில் தமிழிலும் மதிப்பு அச்சாகிறது. ஆனால் மிகப் பெரிய நோட்டு 2000 ரூபாய். அதற்கு மேல் தமிழில் எண்ணிப் பழக இந்தப் பிள்ளைகளுக்கு வாய்ப்பே வருவதில்லை. எண் சரியாகத்தான் இருந்தது.

மடிக்கணினி பழையது என்றான் ஒரு பையன். வேறு கணினியில் ஓட்டினோம். அதே தாமதம், அதே விடை.

அதற்குள் மாணவி தானாகவே ஒரு நல்ல காரியம் செய்தாள். 'பகா எண் அல்ல' என்று மட்டும் சொல்லும் இடத்தில், எந்த எண் வகுத்தது என்றும் அச்சிடும்படி ஒரு வரி சேர்த்தாள். மறுபடி காத்திருந்தோம். திரையில் வந்தது: வகுத்த எண் 2147483647.

எண் தன்னையே வகுத்துக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் நிரல் பொய்க் கணக்குப் போடவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கடைசிவரை போயிருக்கிறது. 46340-ஐத் தாண்டியதும் நின்றிருக்க வேண்டும். அது இருநூறு கோடி படிகளைக் கடந்து, எண்ணையே எட்டி, அதை அதாலேயே வகுத்து, மீதி 0 என்று கண்டு, பகு எண் என்று தீர்ப்பளித்துவிட்டது.

காரணம்

'இன்ட்' வகை என்பது 32 பிட், அதாவது 0 அல்லது 1 எழுதும் 32 இடங்கள் கொண்ட ஒரு பெட்டி. அதில் ஒன்று மிகை, குறை என்ற குறிக்குப் போய்விடும். மீதி 31 இடங்களில் அடங்கும் மிகப் பெரிய எண் 2³¹ − 1. அதற்கு மேல் போனால் ஜாவா பிழை என்று கத்துவதில்லை. பழைய லாரி மீட்டர் 99999-க்குப் பிறகு 00000 ஆவதுபோல ஓசையில்லாமல் மறுமுனைக்குச் சுற்றிவிடும். இங்கே மறுமுனை என்பது குறை எண்கள்.

46340-இன் வர்க்கம் 2147395600, இது அடங்கும். 46341-இன் வர்க்கம் 2147488281, இது அடங்காது. 2³² ஆகிய 4294967296 கழிந்து, −2147479015 ஆக மாறிவிடும். 'வர்க்கம் நம் எண்ணைவிடக் குறைவா?' என்று நிபந்தனை கேட்கிறது. குறை எண் எப்போதும் குறைவுதானே? ஆகவே தொடர்ந்து சுற்று என்கிறது. 65536-ஐ எட்டும்போது வர்க்கம் சரியாக 2³², பெட்டிக்குள் வெறும் 0. அதுவும் குறைவுதான்.

இதை நான் அன்றாடம் வேலையில் எச்சரிக்கையாகப் பார்ப்பவன். வகுப்பில் எளிமைக்காக விட்டுவிட்டேன். எளிமை என்று விட்ட இடத்தில்தான் பிள்ளைகள் நம்மை நம்பி நிற்கிறார்கள்.

ஏன் இந்த ஒரே எண்?

இங்கேதான் எனக்கு ஆர்வம் பிடித்தது. 2147483647-க்கு முந்தைய பகா எண் 2147483629. இடையே பதினெட்டுதான் வித்தியாசம். அதைக் கொடுத்தபோது நிரல் சற்றே தயங்கியது, ஆனால் பகா எண் என்று சரியாகச் சொன்னது. 2147483563, 2147483399 ஆகியவையும் அப்படியே. 46341-இல் பெட்டி நிரம்பி வழிவது எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்றே. இவை மட்டும் எப்படித் தப்பித்தன?

முதலில் பகு எண்கள். 2147483647 வரை உள்ள எந்தப் பகு எண்ணுக்கும் 46340-க்கு மேற்படாத ஒரு வகுத்தி இருந்தே தீரும். பெட்டி வழிவதற்கு முன்பே அது பிடிபட்டுவிடும். எனவே பகு எண்களில் நிரல் ஒருபோதும் தவறாது.

2147395600-க்குக் கீழ் உள்ள பகா எண்களுக்கு 46340-இலோ அதற்கு முன்போ சுற்று முறையாக நின்றுவிடும். அங்கும் தவறில்லை.

மிச்சம் இருப்பவை 2147395600 முதல் 2147483647 வரையிலான 88048 எண்கள். இவற்றில் உள்ள பகா எண்களுக்கு வழிதல் நிகழும். ஆனால் வழிந்த வர்க்கங்கள் குறை எண்ணாகவே இருந்துவிடுவதில்லை. பெட்டி முழுக்க அலைகின்றன. எங்கோ ஓரிடத்தில் வழிந்த வர்க்கம் நம் எண்ணுக்கும் 2147483647-க்கும் இடையிலுள்ள குறுகிய சந்தில் விழுந்தால் போதும், 'பெரிதாகிவிட்டது' என்று சுற்று நின்றுவிடும். நின்றால் விடை 'பகா எண்'. தற்செயலாக அதுதான் சரியான விடை.

விழுவது உறுதியா? ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் மீதி எப்போதும் 1. மாறாக, 8-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் எந்த எண்ணுக்கும், 2³² சுற்றுக்குள் நான்கு வர்க்கமூலங்கள் உண்டு. அவற்றில் ஒன்று 2³⁰-க்குள்ளேயே இருக்கும். 2147483629-க்கு மேலுள்ள சந்தில் 2147483641 இருக்கிறது. அதை 8-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே 2³⁰-ஐ எட்டுமுன் ஏதோ ஒரு படியில் சுற்று கட்டாயம் நிற்கும். அதற்குக் கீழ் உள்ள பகா எண்களுக்கும் இதே 2147483641 காவல் நிற்கிறது.

2147483647-க்கு மட்டும் மேலே சந்தே இல்லை. பெட்டியில் அதைவிடப் பெரிய எண் கிடையாது. நிறுத்த ஆளில்லாமல் சுற்று அந்த எண்ணிலேயே போய் முட்டுகிறது.

அந்த உச்ச எண் பகு எண்ணாக இருந்திருந்தால், சிறிய வகுத்தி ஒன்று முன்பே சிக்கி, நிரலின் பிழை எவர் கண்ணிலும் பட்டிருக்காது. 2³¹ − 1 பகா எண்ணாக இருப்பதால்தான் பிழை வெளிப்பட்டது. மாதிரிக்கு ஆயிரம் எண்களைப் போட்டுச் சோதித்திருந்தாலும் இதைத் தொட்டிருக்க மாட்டோம்.

திருத்தம்

திருத்தம் ஒரு வரிதான். வர்க்கத்தைப் பெருக்கிப் பார்ப்பதற்குப் பதிலாக, 'வகுக்கும் எண், நம் எண்ணை அதனால் வகுத்த ஈவைத் தாண்டவில்லையே?' என்று கேட்டால் போதும். ஈவு ஒருபோதும் பெட்டியைத் தாண்டாது. 46341-ஆல் வகுத்தால் ஈவு 46340, தாண்டிவிட்டது, நின்றுவிடும். மாணவி இந்த வழியை எடுத்தாள். இன்னொருவன் 64 பிட் கொண்ட 'லாங்' வகைக்கு மாற்றினான். இரண்டும் சரி; விடை உடனே வந்தது. பலகையில் நான் எழுதியிருந்த பழைய வரியை அழித்துவிட்டுப் புதியதை அவள் கையால் எழுதச் சொன்னேன்.

கையால் சரிபார்த்தது

கணினி ஒரு முறை ஏமாற்றிவிட்டது. "ஆய்லருக்குக் கணினி ஏது? அவர் எப்படி நிறுவினார்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அடுத்த மூன்று சனிக்கிழமைகளை அதற்கே கொடுத்தேன். இந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

46340 வரை ஏறத்தாழ 4800 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் கையால் வகுப்பது யாராலும் ஆகாது என்றில்லை, ஆனால் எங்களால் ஆகாது. 1772-இல் ஆய்லர் ஏறக்குறைய முழுப் பார்வையையும் இழந்திருந்தார். அவர் முதலில் கேட்ட கேள்வி வேறு: இந்த எண்ணுக்கு வகுத்தி என்று ஒன்று இருந்தால், அது எப்படிப்பட்டதாக இருக்க முடியும்?

ஒரு பகா எண் 2³¹ − 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 8, 16 என்று இரண்டின் அடுக்குகளை அந்தப் பகா எண்ணால் வகுத்து மீதிகளை எழுதினால், 31-ஆம் படியில் மீதி 1 வரும். 31-உம் பகா எண் ஆதலால் அதைவிடச் சிறிய சுற்று இருக்க முடியாது. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்று குறைந்த படியிலும் மீதி 1 வந்தாக வேண்டும். எனவே வகுத்தியில் ஒன்று குறைத்தால் அது 31-இன் மடங்கு. இரட்டைப்படையும் ஆகையால் 62-இன் மடங்கு.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 2³¹ மீதி 1 தருமானால் 2³² மீதி 2 தரும். 2³² என்பது 65536-இன் வர்க்கம். ஆக, அந்த வகுத்தியைப் பொறுத்தவரை 2 ஒரு வர்க்க மீதி. அப்படிப்பட்ட பகா எண்கள் 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மட்டுமே மீதி தரும். இரண்டையும் சேர்த்தால், வகுத்தி 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தரும் எண்ணாகத்தான் இருக்க முடியும்.

46340 வரை இப்படிப்பட்ட எண்கள், 1-ஐயும் 63-ஐயும் விட்டுவிட்டால், 372. அவற்றிலும் பகா எண்கள் ஏறத்தாழ எண்பதுதான். 4800 எண்பதாகச் சுருங்கியதை ஒரு பையன் நம்பவேயில்லை. சிறிய எண் ஒன்றில் பார்ப்போம் என்று 2¹¹ − 1 ஆகிய 2047-ஐ எடுத்தோம். அது 23 × 89. இரண்டிலும் ஒன்று குறைத்தால் 22-இன் மடங்கு. 8-ஆல் வகுத்தால் 23-க்கு மீதி 7, 89-க்கு மீதி 1. அவன் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை.

பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் வகுக்கத் தொடங்கினோம். முதல் ஆள் 311. ஈவு 6905092, மீதி 35. அடுத்தது 1303; மீதி 226. பிறகு 1489; மீதி 199. ஆளுக்கு ஒன்பது எண்கள் அளவில் பங்கு வந்தது. ஒவ்வொரு தாளையும் இன்னொருவர் ஈவால் பெருக்கி மீதியைக் கூட்டிச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. இரண்டு தாள்கள் அப்படித் திரும்பி வந்து திருத்தப்பட்டன.

பட்டியல் போடும்போது அதே 2047 குறுக்கே வந்தது. 248-ஆல் வகுத்தால் அதற்கும் மீதி 63. பகு எண் என்பதால் அதைச் சோதிக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒருத்தி வகுத்துப் பார்த்தாள். மீதி 511. அதாவது 2⁹ − 1. 31-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 9. அடுக்குகளில் நடக்கும் அதே வகுத்தல் எண்களிலும் நடக்கிறது. இதை நான் சொல்லித் தரவில்லை. மீதியைப் பார்த்துவிட்டு அவளே 31, 11, 9 என்று தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள்.

இந்த எண்ணின் பழங்கதையையும் இடையிடையே சொன்னேன். இத்தாலியரான கத்தால்தி 1588 வாக்கில் அடுக்கு 23, 29, 31, 37 ஆகியவற்றுக்கும் பகா எண் வரும் என்று சொன்னார். 31 மட்டுமே தேறியது. 2²³ − 1-ஐ 47 வகுக்கும்; 2²⁹ − 1-ஐ 233 வகுக்கும்; 2³⁷ − 1-ஐ 223 வகுக்கும். சரியாகச் சொல்லிவிட்டார் என்பதாலேயே அவர் 31-ஐ நிறுவியதாக ஆகாது, நிறுவல் ஆய்லருடையது. 2³¹ − 1-ஐ 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்ற எட்டாவது செவ்விய எண் கிடைக்கும்; தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாவது செவ்விய எண்.

சொல்லைப் பற்றியும் ஒன்று. பிரெஞ்சில் பகா எண்ணை 'நோம்ப்ர் ப்ரெமியே', அதாவது 'முதல் எண்' என்கிறார்கள். பிள்ளைகள் பல ஆண்டுகளாக அந்தப் பெயரைப் பொருள் தெரியாமல் சொல்லி வந்தவர்கள். 'பகா' என்றால் பகுக்க முடியாதது என்றதும், விளக்கம் அந்தச் சொல்லிலேயே முடிந்துவிட்டது. தமிழில் வகுப்பு எடுப்பதற்கு எனக்கு வேறு நியாயம் தேவைப்படவில்லை.

'லாங்' வகைக்கு மாற்றிய பையன் இன்னொரு வழியையும் முயன்றான். லூக்கா–லெமர் சோதனை: 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 2 கழித்து, 2³¹ − 1-ஆல் வகுத்த மீதியை வைத்துக்கொண்டு 29 முறை செய்ய வேண்டும். கடைசியில் 0 வந்தால் பகா எண். முதலில் 2⁷ − 1 ஆகிய 127-க்குக் கையால் செய்தோம். 4, 14, 67, 42, 111, 0. ஐந்தே படி. 31-க்கு 4, 14, 194, 37634, 1416317954 என்று போய், அடுத்த வர்க்கத்திற்குப் பத்தொன்பது இலக்கம் வேண்டும். 'இன்ட்' பெட்டியில் அங்கேயே கணக்குக் கெட்டுவிடும். 'லாங்' பெட்டியில் 669670838 வரும். தொடர்ந்து ஓடி 65536 வந்தது, பிறகு 0. அந்த 65536-ஐப் பார்த்ததும் அவன் கூவிவிட்டான்: அதன் வர்க்கம் 2³², அதன் மீதி 2, இரண்டைக் கழித்தால் 0. எங்கள் பழைய நிரலில் வர்க்கம் வெறும் 0 ஆகிப்போன அதே எண்.

இன்று நாம் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, 41024320 இலக்கங்கள் கொண்டது. அதை உறுதிசெய்ததும் இதே லூக்கா–லெமர் சோதனை. எங்கள் 29 படிகளுக்குப் பதிலாகப் பதின்மூன்று கோடிக்கும் மேற்பட்ட படிகள்.

2147483647 பகா எண் என்பதற்காக மட்டும் இந்தப் பிள்ளைகள் வாழ்வில் வரப்போவதில்லை. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை 32 பிட் பெட்டியில் எண்ணிவரும் பழைய கணினிகள், 2038 ஜனவரி 19 அன்று இந்த எண்ணைத் தொடும். மொரிஷியஸ் நேரப்படி காலை 7 மணி 14 நிமிடம் 7 விநாடி. தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அடுத்த விநாடியில் 46341-இன் வர்க்கத்துக்கு நேர்ந்தது அந்தக் கடிகாரங்களுக்கும் நேரும். அப்போது இவர்களுக்கு முப்பது வயதை ஒட்டி இருக்கும். எங்கள் தீவின் அலுவலகங்களில் அந்தப் பெட்டிகளை மாற்றி வைக்க வேண்டியவர்களில் இவர்களும் இருப்பார்கள்.

மூன்றாம் சனிக்கிழமை மதியத்துக்குள் பட்டியல் தீர்ந்தது. கடைசி நான்கில் 46191 மூன்றால் வகுபடும். 46129 என்பது 163 × 283. இரண்டையும் அடித்தோம். எஞ்சிய பெரிய எண் 45943. முதல் நாள் அந்த எண்ணைத் தட்டிய மாணவியே அதை எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றார்கள். ஈவு 46742. கடைசிக் கழித்தலை அவள் இரண்டு முறை செய்தாள். மீதி 15941.